பெயரிடப்படாத பெண் பிள்ளை

1864 பிப்ரவரி 16, செவ்வாய்

பிள்ளையைப் புதைத்து மூன்று நாள் ஆகிறது. இன்று பெல்லமி ஐயரின் வெள்ளை அங்கியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடியில் காயப்போட்டேன். இங்கிலாந்திலிருந்து வந்த அந்தக் குரு எங்கள் கானான்விளை ஆலயத்துக்கு மாதம் ஒருமுறைதான் வருவார். அங்கி மட்டும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். உபதேசியார் பெண்டாட்டிக்கு விதித்த வேலைகளில் இதுவும் ஒன்று. அழுதுகொண்டே துவைத்தேன் என்று எழுதினால் பொய். பல்லைக் கடித்துக்கொண்டு துவைத்தேன். கல்லில் அடித்த அடியில் அங்கியின் ஒரு கையில் தையல் விட்டுப்போயிற்று. அதையும் நானே தைத்தேன்.

போர்டிங் பள்ளியில் துரைசானி அம்மாள் எங்களுக்கு டைரி எழுதக் கற்றுக்கொடுத்தது, அன்றன்று செய்த பாவத்தைக் குறித்துவைப்பதற்காக. என் பாவத்தை நான் குறிக்கப்போவதில்லை. மற்றவர்கள் செய்ததைக் குறிக்கவே இந்த நோட்டு போதாது.

சபை ரிஜிஸ்டரில் என் வீட்டுக்காரர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்: "பிப்ரவரி 13. உபதேசியார் சுவிசேஷமுத்துவின் பெயரிடப்படாத பெண் பிள்ளை. வயது பதினெட்டு நாள்." மை கலையாமல் இருக்க ஊதி வேறு விட்டார். அவளுக்குப் பெயர் உண்டு. தபீத்தாள். ஞானஸ்நானம் பெற்ற பெயர். நான் கொடுத்தது.

பிப்ரவரி 17, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லாதபடி.

ஐயர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. வரவில்லை. மேற்கே ஓர் ஊரில், அங்கியும் ஜெபப்புத்தகமும் வேண்டாம் என்கிற சீர்திருத்தக்காரர்கள் ஆலயத்தைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டார்களாம். ஐயர் அங்கே பஞ்சாயத்துப் பேசப் போய்விட்டார். பதின்மூன்றாம் தேதி காலையில் பிள்ளைக்கு வலிப்புக் கண்டது. வைத்தியர் இருப்பது தேரிக்கு, அந்தச் செம்மணல் மேட்டுக்கு, அப்புறம். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செம்மணலில் நடந்தோம். பாதி வழியில் அவளுக்குக் கண் மேலே செருகிவிட்டது. பக்கத்தில் அவருடைய அண்ணனின் விடிலி இருந்தது, பனங்காட்டில் பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. உள்ளே ஓடினோம். அண்ணன் பெண்டாட்டி அன்னபாக்கியம் அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கொடுங்க," என்றேன் அவரிடம். "பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லி ஊத்துனாப் போதும்."

"எனக்கு அதிகாரம் இல்லட்டி பூரணம். நான் வெறும் உபதேசியார். குருப்பட்டம் வாங்காதவன் கொடுக்கக் கூடாதுன்னு பிஷப் உத்தரவு."

"பிள்ள போவுதுங்கேன்."

"வைத்தியரக் கூட்டிட்டு வாரேன்," என்று ஓடினார். செருப்பில்லாமல் சுடுமணலில் ஓடினார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி அவருக்காகப் பரிதாபப்படுகிறது. உள்ளங்காலில் கொப்புளம் வந்துவிட்டால் தகப்பன் கடமை முடிந்ததா?

குடத்தைச் சரித்துக் கையில் ஏந்தி மூன்று தரம் தலையில் வார்த்தேன். பெயரைச் சொன்னேன், திரியேக நாமத்தையும் சொன்னேன். தண்ணீர்தான். அவர் வைத்தியரோடு திரும்பி வரும்போது அவள் போயிருந்தாள். நெற்றியில் எறும்பு ஊர்ந்தது. அவர்தான் துண்டால் துடைத்தார்.

நாண்டுகொண்டு செத்தவர்களையும் பெயர் தெரியாத வழிப்போக்கரையும் புதைக்கிற உடைமுள் காட்டு ஓரத்தில் குழி வெட்டினார். கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க ஞானஸ்நானம் நிச்சயமாக வேண்டுமாம், அதை ஐயர்தான் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். என் அம்மா உள்ளே கிடக்கிறாள். என் பிள்ளை வெளியே கிடக்கிறாள்.

பிப்ரவரி 18, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். பெண்பிள்ளைகள் பத்துக் கற்பனைகளை ஒப்பித்தார்கள். ஒருத்தி பொய்ச்சாட்சியை விட்டுவிட்டு ஒன்பதோடு முடித்தாள். நான் திருத்தவில்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஆராதனையில் பிஷப்பின் சுற்றறிக்கையை என் வீட்டுக்காரர் வாசித்தார். உபதேசியார், உபாத்தியாயர் யாராக இருந்தாலும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "ஜெபப்புத்தகத்தில் உள்ள யாவும் தேவ வசனத்துக்கு இசைந்தது, அதற்கு விரோதமானது ஒன்றும் அதில் இல்லை." உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மறுநாளுக்குள் போடாதவருக்கு வேலையும் இல்லை, மிஷன் வீடும் இல்லை. எல்லாம் அத்தான் மூட்டிவிட்ட நெருப்பு.

அத்தான் என்றால் இவருடைய அண்ணன் ஞானாதிக்கம். செமினாரியில் இங்கிலீஷ் சரித்திரம் படித்தவர். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் புளியமரத்தடியில் அவருடைய ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாதிச் சபை அங்கேதான் இருந்தது.

"வெள்ளை அங்கி எந்த அதிகாரத்துல இருக்கு? கல்யாணத்துக்கு மோதிரம் எந்த அதிகாரத்துல இருக்கு? நெத்தியில சிலுவ போடச் சொல்லி எந்த அப்போஸ்தலன் எழுதுனான்? முந்நூறு வருசத்துக்கு முன்னால இங்கிலாந்துல ஒரு ராணி இருந்தா. போப்பு வேண்டாம்னு சொன்னா, சரி. ஆனா போப்பு போட்ட துணிமணி மட்டும் வேணும்னுட்டா. பாதி சீர்திருத்தம். மீதியையும் செய்யுங்கன்னு கேட்ட குருமாருக்கு வேலை போச்சு, சில பேருக்கு ஜெயில். அந்த ராணி கட்டுன கோணச் சுவர இங்க நம்ம தலையில தூக்கி வச்சிருக்காவ."

நன்றாகத்தான் பேசுகிறார். நான் கஞ்சி போட்ட அங்கியை நானே கொளுத்திவிடலாம் என்று தோன்றும்படி பேசினார். பேச்சு முடிந்ததும் என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, செவ்வாய்

அத்தான் வீட்டுக்கு வந்தார். தம்பி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்தார்.

"ஏ பரிபூரணம், நாங்க தெக்க ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கோம். பிள்ளைய எடுத்துட்டு வா. பாட்டுப் பாடி அடக்கம் பண்ணுவோம். விசுவாசி பெத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லன்னாலும் பரலோகம் உண்டு. எங்க ரிஜிஸ்டர்ல பேரும் எழுதுவோம்."

"தபீத்தாள்னு எழுதுவீயளா அத்தான்?"

"எழுதுவோம். ஆனா நீ சபைக்கு முன்னால நின்னு ஒண்ணு சொல்லணும். பொம்பளை ஞானஸ்நானம் கொடுத்தது பாவம், குருமார் வேலைய நான் திருடுனேன், மன்னிச்சிருங்கன்னு."

மோர் கொடுத்து அனுப்பினேன். உப்புப் போடவில்லை.

பெண்ணின் கை பட்டது பாவம் என்று அத்தான் சொல்கிறார். தம் கை படக் கூடாது என்று அவர் தம்பி சொல்கிறார். அண்ணன் தம்பிகள் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை.

மார்ச் 3, வியாழன்

ஐயரிடமிருந்து என் வீட்டுக்காரருக்குக் கடிதம். பதின்மூன்றாம் தேதி வருகிறாராம். "உன் துக்கத்தில் நானும் பங்கு பெறுகிறேன்." பங்கு பெறட்டும். வேண்டிய மட்டும் இருக்கிறது.

மார்ச் 4, வெள்ளி

குடிதண்ணீர்க் கிணறு வற்றிவிட்டது. கீழத்தெருக் கிணற்றிலிருந்து நாலு நடை.

மார்ச் 9, புதன்

கையெழுத்துப் போட வேண்டிய அந்தக் காகிதம் என் வீட்டுக்காரரின் வேதப்புத்தகத்துக்குள் மடித்தபடி கிடக்கிறது. சாயங்காலம் எடுத்துப் பிரிப்பார். பேனாவை மையில் தோய்ப்பார். மை காய்ந்துபோகும். மறுபடி மடித்து வைப்பார். உத்தரவு என்றால் ஓடுகிற மனுஷனுக்கு இதில் என்ன யோசனை?

"போட்டுத் தொலைங்களேன்," என்றேன். "அதிகாரம் இருக்கில்லா, உங்க கையெழுத்த நீங்க போடுததுக்கு?"

அவர் பழைய சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பதநீர் வேண்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரி கலயத்தோடு வந்தாள். வேண்டாம், இனி இந்த வீட்டுக்குக் கொண்டுவராதே என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை தவறாமல் காலையில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறார். கெண்டைக்காலில் உடைமுள் கீறலோடு வருகிறார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டிவரும்.

மார்ச் 13, ஞாயிறு

ஐயர் வந்தார். நல்ல மனுஷர்தான், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். முன்ஷியிடம் கற்ற தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார்.

"பரிபூரணமே, நீ ஸ்திரீ என்பதினால் அது செல்லாது என்று நான் சொல்லமாட்டேன். எலிசபெத்து இராணியின் காலத்துப் புத்தகத்தில், ஆபத்து வேளையில் வீட்டில் இருக்கிற யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று இருந்தது. மருத்துவச்சிகள் கொடுத்தார்கள். சீர்திருத்தக்காரர் அதை மிகவும் எதிர்த்தார்கள். அடுத்து வந்த இராஜா அவர்களுக்கு அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தார். குருவானவரே கொடுக்க வேண்டும் என்று மாற்றி எழுதினார்கள். ஆனாலும் பிறர் கொடுத்ததை எங்கள் கோர்ட்டுகள் தள்ளவில்லை."

அங்கியும் மோதிரமும் அசையவில்லை. எங்கள் கையில் இருந்த குவளையைப் பிடுங்குவதில் மட்டும் ராஜாவும் சீர்திருத்தக்காரரும் சமாதானமாகிவிட்டார்கள். ராணி ஒரு பெண்பிள்ளை. அதனால்தான் அவளுக்கு அந்தப் புத்தி இருந்திருக்கிறது.

"அப்ப எம்பிள்ளைய உள்ள எடுத்துக்கிடலாமா ஐயரே?"

"இரண்டு கேள்விகள் உண்டு. என்ன வஸ்துவினால் கொடுக்கப்பட்டது? என்ன வார்த்தைகளினால்? தண்ணீரும் திரியேக நாமமும் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஆலயத்தில் விசாரிப்பேன். நீ தாய், உன் சொல் போதாது. பார்த்த சாட்சி வேண்டும்."

பத்து மாதம் சுமந்தவள் சொல் போதாது. பார்த்தவர் சொல் வேண்டும். பார்த்தது அன்னபாக்கியம் அக்கா ஒருத்திதான்.

மார்ச் 17, வியாழன்

விடிலிக்குப் போனேன். அக்கா கருப்பட்டிக் கூழைச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அவிய என்னைய அந்த ராணியோட கோயிலுக்குள்ள கால வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ," என்றாள்.

"தெரியும்."

"வந்தாலும் நான் என்னத்தச் சொல்ல பூரணம்? நீ நாமத்தச் சொன்ன, கேட்டேன். பேரச் சொன்ன, கேட்டேன். குடத்துல என்ன இருந்துச்சுன்னு கேப்பாவளே."

"தண்ணின்னு சொல்லுங்க."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "வேதத்து மேல கைய வச்சிட்டா? என்னால முடியாதும்மா. எனக்கும் மூணு பிள்ளைய இருக்கு."

அவளைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே சிரட்டைகளில் ஊற்றி முடித்தாள். நான் எழுந்தபோது, "சனிக்கிழம வாரேன். நாமத்தச் சொன்னதுக்கு மட்டும் சாட்சி சொல்லுதேன்," என்றாள்.

மார்ச் 18, வெள்ளி

பிப்ரவரி 17-இல் தண்ணீர் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப்போவதில்லை. ஆனால் உண்மை இது. தண்ணீர்க்குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. கிணறு ஒரு மைல். பிள்ளைக்கு மூச்சு நாலைந்துதான் மிச்சம். பக்கத்தில் இருந்த குடத்தில் அன்று காலையில் இறக்கிய பதநீர் இருந்தது. அதைத்தான் வார்த்தேன். தெரிந்தேதான் வார்த்தேன்.

என்ன செய்திருக்க வேண்டும்? யோர்தான் நதியைத் தேரிக்குள் திருப்பிவிட்டிருக்க வேண்டுமா? மழை பெய்யாத மண்ணில் பனை உறிஞ்சிக் கொடுப்பதைக் குடித்துத்தான் இந்த ஊர் உயிரோடு இருக்கிறது. நானே அதைக் குடித்துத்தான் அவளுக்குப் பால் கொடுத்தேன். அதற்குச் சத்துவம் இல்லை, கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும் உண்டு என்று புத்தகம் சொல்லுமானால் புத்தகத்தை எழுதியவர்கள் பனங்காட்டைப் பார்த்ததில்லை.

நெற்றியில் எறும்பு ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பனை ஏறுகிறவர் மகன். துடைத்தபோது துண்டு கையில் ஒட்டியிருக்கும். ஐந்து வாரமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இதுவரை அதை ஒரு குணம் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 25, பெரிய வெள்ளி

அங்கியை ஒழிக்கச் சொல்லி அத்தானின் ஆட்கள் ஆலய வாசலில் நின்று பாடினார்கள். ராகம் நன்றாக இருந்தது.

மார்ச் 26, சனி

ஆலயம் நிறைந்திருந்தது. இரக்கப்பட்டு வந்தவர்கள் கொஞ்சம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மிச்சம். அத்தான் வாசற்படியைத் தாண்டாமல் வெளியே நின்றார். அன்னபாக்கியம் அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நடந்து வந்தாள். அதற்காக நான் அவளைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஐயர் வேதத்தை நீட்டினார். அவள் கை வைத்தாள்.

"என்ன வார்த்தைகளினால்?"

"பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல, தபீத்தாள்னு மூணு தரம்."

"என்ன வஸ்துவினால்?"

"குடத்துல இருந்தத ஊத்துனா."

"குடத்தில் என்ன இருந்தது?"

ஐயர் மறுபடி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பின்வரிசையில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது இவர் எழுந்தார். முன்னால் போனார். யாரும் கேட்காமல் வேதத்தின்மேல் கையை வைத்தார்.

"தண்ணீர், ஐயரே. நான் பார்த்தேன்."

அந்த நேரம் அவர் வைத்தியரைத் தேடித் தேரியில் ஓடிக்கொண்டிருந்தார். ஓடியது ஊருக்கே தெரியும். ஊற்றுவதற்கு முன்னாலேயே ஓடினார் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். ஐயர் அவரை உற்றுப் பார்த்தார்.

"நீ அங்கே இருந்தாய் என்றால், ஏன் நீயே கொடுக்கவில்லை?"

"எனக்கு அதிகாரம் இல்லன்னு நினைச்சேன்," என்றார். அது பொய் இல்லை.

சாயங்காலம் பிள்ளையின் பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். தேரி மணலில் ஒன்றும் ஆகவில்லை. இவரே தோளில் தூக்கி வந்தார். என் அம்மா பக்கத்தில் இறக்கினோம். ஐயர் நான் தைத்த அங்கியோடு நின்று முழு ஜெபத்தையும் வாசித்தார். அத்தான் வேலிக்கு வெளியே நின்று தலைப்பாகையைக் கழற்றினார். ரிஜிஸ்டரில் இவர் பழைய வரியை அடித்துவிட்டுத் தபீத்தாள் என்று எழுதினார். நான் நின்று பார்த்தேன்.

மார்ச் 28, திங்கள்

ஐயர் வண்டி ஏறுமுன் காகிதத்தைக் கேட்டார். இவர் மடித்ததை மடித்தபடியே கொடுத்தார். பிரித்துப் பார்த்த ஐயரின் முகம் வாடிப்போயிற்று. கையெழுத்து இல்லை.

"நீயும் உன் அண்ணனோடு சேர்ந்துகொண்டாயா?"

"இல்லை ஐயரே."

அத்தானுக்கு எப்படித்தான் செய்தி போயிற்றோ, அடுத்த நாழிகையில் வந்து தம்பியைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். அவரிடமும் இல்லை என்றுதான் சொன்னார். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அக்காவோடு அவர் சனிக்கிழமையிலிருந்து பேசுவதில்லையாம். காதுக்கு ஓய்வு என்று அக்கா சொல்லியனுப்பினாள்.

ஒரு வாரத்தில் மிஷன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் பள்ளிக்கூடமும் போயிற்று. ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"சனிக்கிழம வேதத்து மேல கைய வச்சுப் பொய் சொன்னேன்," என்றார். "பிள்ளைக்காகச் சொன்னேன். அதுக்குக் கர்த்தர்ட்ட நான் பதில் சொல்லிக்கிடுவேன். அந்தப் புத்தகத்துல எல்லாஞ் சரின்னு எழுதிக் கொடுத்தா அது ரெண்டாவது பொய். அத வேலைக்காகச் சொன்னதா ஆயிரும்."

எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, அரை நிமிஷம். அப்புறம் வந்த கோபம் இந்த ஆறு வாரத்தில் வந்த எதைவிடவும் பெரிது.

"இவ்வளவு தைரியத்த எங்க வச்சிருந்தீய?" என்றேன். "அன்னைக்குக் காலையில, வலிப்பு வந்த உடனே, நம்ம வீட்டுக் குடத்துலயே தண்ணி இருந்துச்சே. நீங்களே எடுத்து ஊத்தியிருந்தா யாரு வந்து தடுத்திருப்பா? அப்பன் கையால அவளுக்குப் பேரு கெடைச்சிருக்குமே."

அவர் பலகைமேல் இருந்த ஜெபப்புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"அன்னைக்கு நான் அந்தப் புத்தகத்த நம்புனேன் பூரணம்," என்றார்.

அவர்மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.